எல்.டி., எச்.டி. மின்துறையில் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்னியல் படிக்கும் மாணவர்களும் அவர்களைப் படிக்க வைக்கும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தொழிற்சாலையிலும் பெரிய கட்டடங்களிலும் 415 வோல்ட் (எல்.டி., அதாவது லோ டென்ஷன்) முதல் 33 கே.வி., அதாவது 33,000 வோல்ட் (எச்.டி., ஹை டென்ஷன்) வரையிலான மின் அமைப்புகளை வடிவமைப்பது, நிறுவுவது, சோதிப்பது, பராமரிப்பது ஆகிய வேலைகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். 230, 400 கே.வி. மின்கடத்தல் தனி உலகம், அதைத் தொடவில்லை. தமிழ்நாட்டில் படித்து, இங்கேயோ வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை தேடுகிறவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

விளம்பரங்களில் எல்.வி., எம்.வி. என்று போடுகிறார்கள். நாம் பேசுவது எல்.டி., எச்.டி. இரண்டும் ஒன்றுதானா?

வேலையைப் பொறுத்தவரை ஒன்றுதான். சர்வதேசத் தரநிலைகளில் ஏ.சி. 1,000 வோல்ட் வரை லோ வோல்டேஜ். அதற்கு மேல் சுமார் 36 கே.வி. வரை உள்ளதை மீடியம் வோல்டேஜ் என்பது தொழில் வழக்கம். நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டு மின்சார விதிகள் வேறு மாதிரிப் பிரித்தன: 250 வோல்ட் வரை லோ, 650 வோல்ட் வரை மீடியம், 33 கே.வி. வரை ஹை. அந்தப் பழக்கம் இன்னும் பேச்சில் இருப்பதால், பழைய ஆவணத்தில் 'மீடியம் வோல்டேஜ்' என்றிருந்தால் அது 415 வோல்ட்டாக இருக்கக்கூடும். வெளிநாட்டு நிறுவனம் எம்.வி. பொறியாளர் கேட்டால் அது நம்முடைய 11, 22, 33 கே.வி. வேலை. விண்ணப்பத்தில் 'எச்.டி. அனுபவம்' என்று மட்டும் எழுதாமல், எத்தனை கே.வி. என்று எண்ணிலேயே எழுதிவிடுங்கள்.

இந்தத் துறையில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன?

கோயம்புத்தூர்ப் பக்கம் புதிதாக ஒரு நூற்பாலை எழும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்வாரியத்தின் 22 கே.வி. லைன் ஆலை வாசலுக்கு வருகிறது. இரட்டைக் கம்பத்தில் லைனைத் துண்டிக்கும் ஏ.பி. ஸ்விட்ச், மின்னல் தாங்கி, பிறகு மீட்டர் பகுதி, கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் உள்ள வி.சி.பி. பேனல், 22 கே.வி. மின்சாரத்தை 433 வோல்ட்டாக இறக்கும் டிரான்ஸ்பார்மர், அதற்குப் பின்னால் எல்.டி. பேனல், மோட்டார்களுக்கான எம்.சி.சி., பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் கெபாசிட்டர் பேனல், ஜெனரேட்டர். அந்த 22 கே.வி. ஒரு ஸ்பின்னிங் மெஷினின் மோட்டாரைச் சுழற்றும் வரை எத்தனை பேர் அதில் கை வைக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆலோசனை நிறுவனத்தில் ஒரு வடிவமைப்புப் பொறியாளர் லோடு கணக்கிட்டு எஸ்.எல்.டி., அதாவது ஒற்றைக்கோட்டு மின் வரைபடம், வரைகிறார். பேனல் கம்பெனியில் எஸ்டிமேஷன் பொறியாளர் விலைப்புள்ளி தயாரிக்கிறார். இன்னொருவர் பேனலுக்குள் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் உலோகப் பட்டையான பஸ்பாரின் அளவையும் கூண்டின் அமைப்பையும் முடிவு செய்கிறார். தரப் பிரிவு சோதித்து அனுப்புகிறது. ஒப்பந்ததாரரின் சைட் பொறியாளர் கேபிள் இழுத்து, எர்த் பிட் தோண்டி, முடிக்கிறார். அடுத்து டெஸ்டிங், கமிஷனிங் குழு வருகிறது. மின் ஆய்வுத் துறையின் அனுமதிக்கு வரைபடங்களோடு ஒருவர் அலைகிறார். ஆலை ஓடத் தொடங்கியதும் பராமரிப்புப் பொறியாளர் பொறுப்பேற்கிறார். பிரேக்கர் கோளாறானால் தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் பொறியாளர் வருகிறார். சில ஆண்டுகள் கழித்து மின்கட்டணம் ஏன் இவ்வளவு என்று பார்க்க எனர்ஜி ஆடிட்டர் வருகிறார். வாரியத்தின் பக்கத்தில் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளர், துணை மின் நிலைய ஊழியர்கள், மீட்டரையும், கோளாறைக் கண்டு பிரேக்கரைத் திறக்க வைக்கும் ரிலேயையும் சோதிக்கும் எம்.ஆர்.டி. பிரிவினர் இருக்கிறார்கள்.

'எலெக்ட்ரிக்கல் படித்தால் மின்வாரியம், இல்லையென்றால் ஒன்றுமில்லை' என்று நினைக்கும் பெற்றோருக்காகவே இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

ஐ.டி.ஐ. போதுமா? டிப்ளமோவா, பி.இ.யா?

மூன்றுக்கும் இடம் உண்டு. எலக்ட்ரீஷியன், வயர்மேன் பிரிவுகளில் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்து, கேபிள் ஜாயின்டிங்கில் கை தேர்ந்தவரை நிறுவனங்கள் விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. 11 கே.வி., 33 கே.வி. எக்ஸ்.எல்.பி.இ. கேபிளுக்கு முடிவு கட்டுவது, அதாவது டெர்மினேஷன், மில்லிமீட்டர் கணக்கில் செய்யும் வேலை. காப்புக்கு மேல் இருக்கும் செமிகான் அடுக்கைச் சீவும்போது கத்தி ஒரு கீறல் ஆழமாகப் போனால், சில மாதம் கழித்து அதே இடத்தில் வெடிக்கும். இந்தக் கைத்திறன் உள்ளவர்கள் குறைவு.

டிப்ளமோ படித்தவர்கள்தான் சைட்டையும் பராமரிப்பையும் பெரும்பாலும் தாங்குகிறார்கள். பி.இ.யின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியும் அவர்களுக்கு இருக்கிறது. வடிவமைப்பு, பாதுகாப்பு ரிலே ஆய்வு, மின்துறை ஆலோசனை ஆகியவற்றுக்கு பி.இ. கேட்பார்கள். வெளிநாட்டில் 'இன்ஜினீயர்' என்ற பதவியோடு விசா வேண்டுமென்றாலும் பட்டம் தேவைப்படும்.

முதல் வேலையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். சம்பளத்தையும் ஏ.சி. அறையையும் ஓரமாக வைத்துவிட்டு ஒன்றை மட்டும் பாருங்கள்: மின்சாரம் ஏற்றப்படும் சாதனத்துக்கு அந்த வேலை உங்களை எவ்வளவு அருகில் கொண்டுபோகிறது?

பேனல் தொழிற்சாலையின் சோதனைப் பகுதி, டெஸ்டிங் நிறுவனம், ஓடிக்கொண்டிருக்கும் ஆலையின் பராமரிப்புப் பிரிவு ஆகிய மூன்றும் நல்ல தொடக்கம். அங்கே இரண்டு மூன்று ஆண்டு இருந்தவர் பிறகு வடிவமைப்புக்குப் போனால், அவர் வரையும் கேபிள் பாதையில் கேபிள் உண்மையில் வளையும். அவர் போடும் பேனல் அறையில் பிரேக்கரை வெளியே இழுக்க இடம் இருக்கும். நேராக வரைபட மேசையில் உட்கார்ந்தவர்கள் திறமைசாலிகளாக இருந்தும் இந்த இரண்டு இடத்திலும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நேர்காணலில் நீங்களும் கேளுங்கள். என்னை யாரோடு அனுப்புவீர்கள்? சோதனைக் கருவிகள் நிறுவனத்திடமே இருக்கின்றனவா? சோதனை அறிக்கையில் நான் கையெழுத்திட எவ்வளவு காலம் ஆகும்? இதற்குப் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் உங்களை வெறும் ஆள்பலமாக எடுக்கிறார்கள் என்று பொருள். படித்த பிள்ளையை மூன்று ஆண்டு வருகைப் பதிவேடு எழுத வைத்த இடங்களும் உண்டு. அது அநியாயம், அங்கே விசுவாசம் காட்ட வேண்டியதில்லை.

படிப்பு முடித்த கையோடு வேலை அமையவில்லையென்றால் அப்ரன்டிஸ் பயிற்சியை ஒதுக்காதீர்கள். சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் மூலம் டிப்ளமோ, பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பயிற்சி கிடைக்கிறது. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை என்ற உத்தரவாதம் கிடையாது. ஆனால் துணை மின் நிலையத்துக்குள் ஓராண்டு இருப்பதற்கு எந்தத் தனியார் வகுப்பும் ஈடாகாது.

டெஸ்டிங், கமிஷனிங் என்றால் நாள் முழுக்க என்ன செய்வார்கள்?

நிறுவி முடித்த சாதனம் மின்சாரம் ஏற்றத் தகுதியானதா என்று ஆதாரத்தோடு சொல்வதே வேலை.

டிரான்ஸ்பார்மரில் இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ், சுற்றுகளின் ரேஷியோ, வைண்டிங் ரெசிஸ்டன்ஸ், வெக்டர் குரூப், எண்ணெய் எவ்வளவு மின்னழுத்தம் தாங்கும் என்று காட்டும் பி.டி.வி. ஆகியவற்றைப் பார்ப்பார்கள். டிரான்ஸ்பார்மருக்குள் கோளாறால் எழும் வாயுவை உணரும் புக்கோல்ஸ் ரிலே தட்டினால் பிரேக்கர் உண்மையில் விழுகிறதா, அதாவது திறந்துகொள்கிறதா என்று இயக்கிப் பார்ப்பார்கள். 11 கே.வி. கேபிளை இன்சுலேஷனை அளக்கும் 5 கே.வி. மெகரில் பார்த்து, பிறகு உயர் அழுத்தச் சோதனை. பிரேக்கரில் தொடுமுனைகளின் மின்தடை மைக்ரோ ஓம் அளவில். திறக்கவும் மூடவும் எடுக்கும் நேரம் மில்லி செகண்டில். ரிலேக்கு செகண்டரி இன்ஜெக்‌ஷன் கருவியால் மின்னோட்டம் செலுத்தி, குறித்த நேரத்தில் இயங்குகிறதா என்று அளப்பார்கள். கடைசியாக பிரைமரி இன்ஜெக்‌ஷன்: மின்னோட்டத்தை அளப்பதற்காகக் குறைத்துத் தரும் சி.டி.யின் பிரைமரி வழியாகவே மின்னோட்டம் விட்டு, மீட்டரும் ரிலேயும் ஒரே உண்மையைச் சொல்கின்றனவா என்று சரிபார்ப்பது. சி.டி.யின் போலாரிட்டி மாறி இணைக்கப்பட்டிருந்தால் டிஃபரன்ஷியல் பாதுகாப்பு காரணமில்லாமல் விழும். காகிதத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். இந்தச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

இங்கே புதியவர்கள் முதல் நாளே மனதில் ஏற்ற வேண்டிய ஒன்று: பிரைமரியில் மின்னோட்டம் ஓடும்போது சி.டி.யின் செகண்டரியைத் திறந்து விடக்கூடாது. ஆபத்தான மின்னழுத்தம் அதன் முனைகளில் எழும், சி.டி.யும் போகும், ஆளும் போகலாம். மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் பி.டி.யின் செகண்டரியை ஷார்ட் செய்யக்கூடாது.

சார்ஜ் செய்யும், அதாவது முதன்முதலாக மின்சாரம் ஏற்றும், நாள் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் போய்விடும். வாரியத்தின் அனுமதி, ஆலை நிர்வாகத்தின் அவசரம், ஒப்பந்ததாரரின் களைப்பு எல்லாம் ஒன்றாக அழுத்தும். ஒரு சோதனை முடிவு பிடிக்கவில்லையென்றால் 'இன்று ஏற்ற முடியாது' என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அதைச் சொல்லும் துணிவு இந்தத் தொழிலின் பகுதி.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

நான் கேட்பதைச் சொல்கிறேன். '1,000 கே.வி.ஏ., 11 கே.வி./433 வோல்ட், 5 சதவீத இம்பீடன்ஸ் கொண்ட டிரான்ஸ்பார்மர். இரண்டு பக்கமும் முழுச்சுமை மின்னோட்டம் எவ்வளவு? எல்.டி. பேனலில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் எவ்வளவு வரும்?'

11 கே.வி. பக்கம் சுமார் 52.5 ஆம்பியர். 433 வோல்ட் பக்கம் சுமார் 1,333 ஆம்பியர். அதை 5 சதவீதத்தால், அதாவது 0.05-ஆல் வகுத்தால் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் ஏறத்தாழ 26.7 கிலோ ஆம்பியர். இந்த மூன்று எண்ணும் வந்துவிட்டால் பேச்சு தொடரும். அந்தப் பேனலில் 25 கிலோ ஆம்பியர் பிரேக்கர் போடலாமா? கூடாது, 26.7-க்கு மேல் துண்டிக்கும் திறன் வேண்டும், மோட்டார்கள் தரும் பங்கும் அதில் சேரும். அதேபோன்ற இரண்டு டிரான்ஸ்பார்மரை இணையாக ஓட்டினால்? 53 கிலோ ஆம்பியரைத் தாண்டும். இரண்டு பஸ்பாரையும் இணைக்கும் பஸ் கப்ளரில், அவை சேர்ந்து ஓடாமல் தடுக்கும் இன்டர்லாக் ஏன் வைக்கிறார்கள் என்பது அப்போது புரியும். டிரான்ஸ்பார்மருக்குப் பதிலாக அதே அளவு ஜெனரேட்டர் ஓடினால்? அதன் சப் டிரான்சியன்ட் ரியாக்டன்ஸ் 15 சதவீதம் என்றால் தொடக்கத்திலேயே 9 கிலோ ஆம்பியரை ஒட்டித்தான் வரும், பிறகு இன்னும் இறங்கும். ஆகவே கிரிட் மின்சாரத்துக்காக வைத்த ரிலே செட்டிங் ஜெனரேட்டர் ஓடும்போது கோளாறைக் காணாமலே போகலாம்.

415 வோல்ட் அமைப்புக்கு ஏன் 433 வோல்ட் டிரான்ஸ்பார்மர் என்றும் கேட்பேன். 433 என்பது சுமையில்லாதபோது இருக்கும் அழுத்தம். சுமை ஏறும்போது உள்ளேயே கொஞ்சம் இறங்கும். மின்னோட்டம் கூடக்கூட விரைவாக இயங்கும் ஐ.டி.எம்.டி. ரிலேயின் நார்மல் இன்வர்ஸ் வளைவில், செட்டிங்கைப் போல் 10 மடங்கு மின்னோட்டம் வந்தால் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் டி.எம்.எஸ். 1-இல் சுமார் 3 விநாடி ஆகும், 0.1-இல் 0.3 விநாடி. அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்வதைவிட, மேலே உள்ள ரிலே கீழே உள்ள ரிலேக்காக ஏன் ஏறத்தாழ 0.3 விநாடி காத்திருக்க வேண்டும் என்று விளக்கினால் போதும். கீழே உள்ள பிரேக்கர் திறந்து முடிக்க நேரம் வேண்டும். ரிலேக்களின் பிழைக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

எந்த மென்பொருள் கற்க வேண்டும்?

ஆட்டோகேட் தெரியாமல் இருக்க முடியாது. ஆய்வு வேலைக்கு ஈடாப் பரவலாகப் பயன்படுகிறது; டிக்சைலண்ட் பவர் ஃபேக்டரியும் உண்டு. வெளிச்ச வடிவமைப்புக்கு டயலக்ஸ் இலவசம். ஆனால் மேலே சொன்ன 26.7 கிலோ ஆம்பியரைக் காகிதத்தில் போடத் தெரியாதவருக்கு ஈடாப் தரும் எண் சரியா தவறா என்று எப்படித் தெரியும்? பெரும் கட்டணம் கட்டி மென்பொருள் வகுப்பில் சேரும் முன் கணக்கைப் போட்டுப் பழகுங்கள்.

'சி லைசென்ஸ்' என்கிறார்களே, அது அவசியமா?

தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் தரும் மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழைத்தான் சி லைசென்ஸ் என்கிறோம். வயர்மேனுக்கு பி; உதவியாளருக்கு எச். களத்தில் வேலை செய்து கற்றுக்கொண்டவர்களுக்காக மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடக்கிறது; பயிற்சி நிலையத்துக்குப் போகாத எத்தனையோ பேருக்கு அது வாசல் திறந்திருக்கிறது. ஒப்பந்த உரிமங்கள் இ.எஸ்.ஏ., இ.ஏ., இ.எஸ்.பி., இ.பி. எனத் தரவாரியாக உள்ளன. உரிமம் பெற்ற மேற்பார்வையாளர் இல்லாமல் ஒப்பந்ததாரர் உரிமத்தைத் தக்கவைக்க முடியாது என்பதால் சி லைசென்ஸ் உள்ளவருக்கு எப்போதும் தேவை இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வேலைக்குச் சேராமலேயே 'சான்றிதழை மட்டும் எங்கள் பெயரில் கொடுங்கள், மாதாமாதம் பணம் தருகிறோம்' என்று கேட்பவர்கள் வருவார்கள். கொடுக்காதீர்கள். அந்த இடத்தில் விபத்து நடந்தால் மேற்பார்வையாளர் என்று பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர்.

இதோடு எரிசக்தித் திறன் செயலகமான பி.இ.இ. நடத்தும் தேர்வும் பயனுள்ளது. மூன்று தாள் எழுதினால் எனர்ஜி மேனேஜர், நான்கு எழுதினால் ஆடிட்டர். பராமரிப்பில் சில ஆண்டுகள் இருந்தவருக்கு அந்த மூன்றாம் தாள், மின் சாதனங்கள் பற்றியது, பெரிய சிரமமாக இராது.

அரசு வேலைக்கு என்ன வழி?

1957-இல் தொடங்கிய மின்சார வாரியம் 2010-இல் பிரிக்கப்பட்டது; பகிர்மானப் பணி 2024 முதல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. ஊரில் இன்னும் எல்லோருக்கும் அது 'இ.பி.'தான். பொறியாளர் பணிகளுக்கான தேர்வுகளில் டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்புகளைத் தவறாமல் பாருங்கள். மின் ஆய்வுத் துறையின் உதவி மின் ஆய்வாளர் பதவியும் அந்த வழியாகத்தான் வருகிறது. அது பலருக்குத் தெரியாத, ஆனால் பொறுப்பு மிகுந்த பதவி. மத்திய நிறுவனங்களில் பவர்கிரிட் போன்றவை கேட் தேர்வின் மதிப்பெண் கொண்டு ஆள் எடுத்துவருகின்றன. அந்த மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். ரயில்வே, சென்னை மெட்ரோ இரண்டிலும் மின்பிரிவு பெரியது.

தேர்வுக்குப் படிப்பதற்காக வேலைக்கே போகாமல் நான்கைந்து ஆண்டு வீட்டில் இருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேலை பார்த்துக்கொண்டே படியுங்கள். பணம் கொடுத்தால் வாரியத்தில் வேலை என்று யாராவது வந்தால் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

இது ஆபத்தான வேலை இல்லையா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

ஆபத்தான வேலைதான். பெற்றோரிடம் அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பெரும்பாலான விபத்துகள் முறை தவறியதால் நடப்பவை. முறை என்ன என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

எல்லாப் பக்கத்திலிருந்தும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டித்த இடத்தில் பூட்டுப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்து, பலகை மாட்ட வேண்டும். மின்சாரம் இல்லை என்று கருவியால் உறுதி செய்ய வேண்டும்; அந்தக் கருவி வேலை செய்கிறதா என்று முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். பிறகு எர்த் செய்ய வேண்டும். பக்கத்தில் மின்சாரம் இருக்கும் பகுதிக்குத் தடுப்பு வைக்க வேண்டும். லைனில் வேலை என்றால் எழுத்து மூலம் எல்.சி., அதாவது லைன் கிளியர் அனுமதி, வாங்கி, வாங்கியவரே திருப்பித் தர வேண்டும். 'போனில் சொல்லிவிட்டேன், ஆஃப் செய்திருப்பார்கள்' என்ற வாக்கியத்தில் எத்தனையோ குடும்பங்கள் அழிந்திருக்கின்றன.

எர்த் செய்வதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. லைனை நாம் துண்டித்த பிறகும், சரியான சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாத ஒரு கடையின் ஜெனரேட்டர் டிரான்ஸ்பார்மரைப் பின்னாலிருந்து ஏற்றிவிடும். 433 வோல்ட் பக்கம் புகுந்தது மேலே 11 கே.வி.யாக நிற்கும். கம்பத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. எர்த் ராடு மாட்டியிருந்தால் அவர் பிழைப்பார்.

ஆர்க் ஃபிளாஷ் என்பது இன்னொன்று. பேனலில் ஷார்ட் ஆகும்போது எழும் மின்வில்லின் வெப்பம் 19,000 டிகிரி செல்சியஸ் வரை போகலாம் என்கிறார்கள்; செம்பு ஆவியாகி வெடிக்கும். மின்சாரத்தைத் தொடாமலே எரிந்து போகிறார்கள். அதனால்தான் எல்.டி. பேனலை '415 வோல்ட்தானே' என்று சாதாரணமாக எண்ணக்கூடாது. டிரான்ஸ்பார்மருக்கு நேர் கீழே இருக்கும் 26 கிலோ ஆம்பியர் எல்.டி. பஸ்பார், பல 11 கே.வி. பேனல்களைவிடக் கொடியது.

உங்களிடம் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் வேலை வாங்கும் இடத்தைவிட்டு அன்றே வெளியேறுங்கள். வேறு வேலை கிடைக்கும்.

சம்பளம் எப்படி?

தொடக்கத்தில் குறைவு. கணினித் துறையில் சேரும் வகுப்புத் தோழரோடு முதல் மூன்றாண்டு ஒப்பிட்டால் மனம் சோர்ந்துவிடும். சிறிய ஒப்பந்த நிறுவனங்கள் தரும் தொடக்கச் சம்பளம் உழைப்புக்கு ஏற்றதாக இல்லை. அது மாற வேண்டும் என்பதே என் நிலை. ஆனால் ரிலே பாதுகாப்பு, எச்.டி. கமிஷனிங், 33 கே.வி. கேபிள் டெர்மினேஷன் என ஏதாவது ஒன்றில் தனித்து நம்பத்தகுந்தவராக ஆனதும் ஏற்றம் வேகமாக வரும். தங்குமிடம், பயணம், ஷட் டவுன் நாட்களின் கூடுதல் ஊதியம் ஆகியவற்றைச் சேரும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வளைகுடா, சிங்கப்பூர் போக எப்படித் தயாராவது?

முதலில் இங்கே சில ஆண்டு அனுபவம். அங்கே கேட்பது பெயர் சொல்லத்தக்க திட்டங்களும் சோதனை அறிக்கைகளும். துபாயில் 11 கே.வி. பகிர்மானமும் 400 வோல்ட்டும். நம் ஊர்ப் பொறியாளருக்கு அது பழகிய களம். சவூதியில் 60 ஹெர்ட்ஸ், 13.8 கே.வி. என மாறும். அங்கே பொறியாளராகப் பணிபுரிய சவூதி பொறியாளர் மன்றத்தில் பதிவு வேண்டும். பட்டச் சான்றிதழின் சரிபார்ப்பு அதற்கு முன்னால். சிங்கப்பூரில் 22 கே.வி., 6.6 கே.வி. பகிர்மானம், அங்கே எரிசக்திச் சந்தை ஆணையம் தரும் உரிமம் பெற்ற மின் பணியாளர் தகுதி எலக்ட்ரீஷியன், டெக்னீஷியன், இன்ஜினீயர் என மூன்று படியாக இருக்கிறது. மலேசியாவில் சார்ஜ்மேன் சான்றிதழ் உள்ளூர்த் தமிழர்கள் பலருக்கு நல்ல வாழ்வு தந்திருக்கிறது. இலங்கையின் பகிர்மானம் 33, 11 கே.வி. என்பதால், அங்கே பழகியவரும் இதே தயாரிப்போடு வளைகுடாவுக்குப் போகலாம்.

முகவர் மூலம் போவதாக இருந்தால் அவர் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆட்களை அனுப்புகிறது. சுற்றுலா விசாவில் போய் வேலை தேடலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

பெண்களுக்கு இது ஏற்ற துறையா?

ஆம். வாரியத்தில் துணை மின் நிலையங்களிலும் பிரிவு அலுவலகங்களிலும் பெண் பொறியாளர்கள் பணியாற்றுகிறார்கள். ரிலே ஆய்வு, வடிவமைப்பு, பேனல் சோதனை எதிலும் உடல் வலு பேசுபொருளே இல்லை. குறை இருப்பது சைட்டில்: கழிப்பறை, தங்குமிடம், இரவு வாகனம். இவற்றை ஏற்பாடு செய்ய மறுத்துவிட்டு 'சைட்டுக்குப் பெண்கள் வேண்டாம்' என்று சொல்லும் நிறுவனம் தன் சோம்பலுக்குப் பெண்களைக் காரணம் காட்டுகிறது. வடிவமைப்பில்தான் சேர வேண்டும் என்று யாராவது உங்களைத் திருப்பிவிட்டாலும், கமிஷனிங் அனுபவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

என்னென்ன தரநிலைகளைப் படிக்க வேண்டும்?

ஐ.எஸ். என்பது இந்தியத் தரநிலை, ஐ.இ.சி. என்பது சர்வதேசத் தரநிலை. எர்த்திங்குக்கு ஐ.எஸ். 3043, வயரிங்குக்கு ஐ.எஸ். 732, எல்.டி. பேனலுக்கு ஐ.இ.சி. 61439, எம்.வி. பேனலுக்கு ஐ.இ.சி. 62271-இன் 200-ஆம் பகுதி. ஷார்ட் சர்க்யூட் கணக்குக்கு ஐ.இ.சி. 60909. இவற்றோடு மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், 2023. 3043-இலிருந்து தொடங்குங்கள். இந்தியத் தரநிலைகளைத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

சூரியசக்தி, பேட்டரி எல்லாம் வந்த பிறகு இந்த வேலைகள் குறையுமா?

கூடுகின்றன. முப்பந்தல் காற்றாலையானாலும் கமுதியின் சூரிய மின் நிலையமானாலும் மின்சாரம் குறைந்த அழுத்தத்தில் பிறந்து, டிரான்ஸ்பார்மர் வழியாக 33 கே.வி. போன்ற அழுத்தத்துக்கு ஏறித்தான் வெளியே போகிறது. அதாவது மேலே சொன்ன அத்தனை வேலையும் அங்கே தேவை. சென்னையின் தரவு மையங்கள், மின்வாகனச் சார்ஜிங் நிலையங்கள், பேட்டரி சேமிப்பு எல்லாம் எல்.டி., எச்.டி. பேனல்களின் மேல்தான் நிற்கின்றன. இன்வெர்ட்டர் பெரிய ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் தராது என்பதால் ரிலே பாதுகாப்பைப் புதிதாகச் சிந்திக்க வேண்டியிருக்கிறது. இளைஞர்களுக்கு அங்கே பெரிய வாய்ப்பு.

பேனலுக்குள்ளும் மாற்றம் வருகிறது. பேனலில் மின்காப்புக்காக நிரப்பும் எஸ்.எஃப்.6 வாயு கரியமில வாயுவைவிடச் சுமார் 24,000 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 24 கே.வி. வரையிலான புதிய ஸ்விட்ச்கியரில் இத்தகைய வாயுக்களை 2026 ஜனவரி முதல் தடை செய்து 2024-இல் சட்டம் இயற்றியது. அங்கே ஏற்றுமதியாகும் பேனல்களின் வடிவமைப்பு மாறும். ஐ.இ.சி. 61850 என்ற தகவல் தொடர்புத் தரநிலை வழியாகப் பேசும் ரிலேக்கள் வந்துவிட்டதால், நெட்வொர்க் அறிவும் உள்ள மின்பொறியாளரைத் தேடுகிறார்கள்.

கணினித் துறைக்குப் போய்விட்டேன். திரும்பி வர முடியுமா?

முடியும். ஸ்காடா (தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் கணினி அமைப்பு), துணை மின் நிலைய ஆட்டோமேஷன் வழியாக நுழைவது எளிது. சம்பளத்தில் ஒரு படி இறங்க மனம் வேண்டும்.

கல்லூரியில் இருக்கும்போதே என்ன செய்யலாம்?

உங்கள் கல்லூரிக்கே பெரும்பாலும் எச்.டி. இணைப்பு இருக்கும். கல்லூரி எலக்ட்ரீஷியனிடம் அனுமதி கேட்டு, அவரோடு போங்கள். எதையும் திறக்காதீர்கள், தொடாதீர்கள். டிரான்ஸ்பார்மரின் பெயர்ப் பலகையைக் குறித்துக்கொண்டு, கே.வி.ஏ., இம்பீடன்ஸ், வெக்டர் குரூப் எழுதுங்கள். எல்.டி. பேனலில் பிரேக்கர்களின் அளவு, எந்தக் கட்டடத்துக்கு எந்தக் கேபிள் என்று அவர் சொல்வதைக் கேட்டு எஸ்.எல்.டி. வரையுங்கள். ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்தைக் கணக்கிட்டு, பிரேக்கர்கள் அதைத் தாங்குமா என்று ஒப்பிடுங்கள். மின்கட்டண ரசீதில் பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே போயிருக்கிறதா, அதற்குக் கூடுதல் கட்டணம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் எத்தனை கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டுத் துறைத் தலைவரிடம் கொடுங்கள். வரைபடம், கணக்கு ஆகிய இரண்டு தாளையும் நேர்காணலுக்கு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், அதற்குத் தயாராகப் போங்கள்.